புனையா ஓவியமும் பொழுதும்: நிலக்காட்சி ஓவியரின் வரைவேடும் உடன்குடித் தேரியும்

ஆய்வுச் சுருக்கம்

நிலக்காட்சி ஓவியர் களத்துக்கு எடுத்துச் செல்லும் வரைவேடு, முற்றிய ஓவியத்துக்கு முந்தைய ஆயத்தப் பொருளாகவே பெரும்பாலும் மதிக்கப்படுகிறது. இக்கட்டுரை அம்மதிப்பீட்டை மறு ஆய்வுக்கு உட்படுத்துகிறது. தொல்காப்பியம் முதற்பொருளை நிலம், பொழுது என இரண்டாகக் கொள்கிறது. முற்றிய நிலக்காட்சி ஓவியத்தில் நிலம் எஞ்சப் பொழுது மங்குகிறது. வரைவேட்டில் இரண்டும் ஒருங்கே நிற்கின்றன என்பது இக்கட்டுரையின் கருதுகோள். நெடுநல்வாடையில் இடம்பெறும் 'புனையா ஓவியம்' என்னும் தொடர், 1792இல் தாமிரபரணிப் பகுதியை வரைந்த டேனியல்களின் படைப்புமுறை, கான்ஸ்டபிள், லியர் ஆகியோரின் களக் குறிப்புகள், சாந்திநிகேதனத்து ஓவியரின் செம்மண் நில அனுபவம் ஆகியவற்றின் வழியே இக்கருதுகோள் ஆராயப்படுகிறது. நிறைவாக, உடன்குடியை அடுத்த தேரி நிலத்தில் அது பொருத்திப் பார்க்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: வரைவேடு, புனையா ஓவியம், முதற்பொருள், பொழுது, தேரி, உடன்குடி, டேனியல்கள்.

முன்னுரை

ஓவியர்கள் தம் பேச்சில் 'ஸ்கெட்ச் புக்' என்றும் 'ஸ்கெட்ச் நோட்டு' என்றும் குறிப்பிடும் ஏட்டினை இக்கட்டுரை 'வரைவேடு' எனச் சுட்டுகிறது. வெளியில் அமர்ந்தோ நடந்தோ, கண்ட காட்சியைக் கண்ட பொழுதிலேயே விரைந்து கோடிட்டு வைக்கும் ஏடு அது. அதில் சில தாள்கள் பின்னர் வண்ண ஓவியமாக வளர்கின்றன. பல அப்படியே நின்றுவிடுகின்றன.

ஓவியம் பற்றிய தமிழ்த் திறனாய்வு, கண்காட்சியில் தொங்கும் முற்றிய ஓவியத்தையே தன் பொருளாகக் கொண்டு வளர்ந்துள்ளது. கவிஞரின் கையெழுத்துப் படிகளையும் பாடவேறுபாடுகளையும் ஆராயும் நாம், ஓவியரின் வரைவேட்டை அதே கவனத்துடன் ஆராய்வதில்லை. வரைவேடு 'இன்னும் ஓவியம் ஆகாதது' என்னும் எண்ணமே இதற்குக் காரணம். ஆனால் ஓவியம் ஆனபின் அக்காட்சி எதை இழந்தது என்னும் வினாவை எழுப்பினால் வரைவேட்டின் இடம் மாறிவிடுகிறது.

இவ்வினாவை எழுப்புவதற்கு உடன்குடி ஏற்ற களமாகும். தாமிரபரணியின் நெல்வயல்கள் முடிந்து, பனையும் செம்மணலும் தொடங்கும் பகுதி அது. காற்றால் இடம்பெயரும் மணல்மேடுகளை உடைய ஒரு நிலத்தை ஒரே ஓவியத்தில் முற்றுவித்துவிட இயலுமா என்பதே இக்கட்டுரைக்குத் தூண்டுகோலாக அமைந்தது.

1. புனையா ஓவியம்: ஒரு தொடரின் பொருள்

வண்ணம் தீட்டப்பெறாத, வடிவம் மட்டும் கோடிடப்பெற்ற ஓவியத்தைக் குறிக்கப் பழந்தமிழில் 'புனையா ஓவியம்' என்னும் தொடர் வழங்கியுள்ளது. பத்துப்பாட்டுள் நக்கீரர் இயற்றிய நெடுநல்வாடையிலும், பின்னர் மணிமேகலையிலும் இத்தொடரைக் காண்கிறோம். தமிழரின் ஓவியக்கலை வரலாற்றை எழுதியோர் இதனைக் கோட்டோவியம் இருந்தமைக்குச் சான்றாகக் காட்டுவர். அச்சான்றாண்மைக்கு அப்பால், இத்தொடர் நெடுநல்வாடையில் அமைந்துள்ள இடமும் கருதத்தக்கது.

பாசறையில் இருக்கும் அரசனைப் பிரிந்த அரசி, அணிகலன்களை நீக்கியவளாய்க் கட்டிலில் இருக்கிறாள். அந்நிலையில் அவளுக்குப் புனையா ஓவியம் உவமையாகிறது. அக்கட்டிலுக்கு மேலே மெழுகு பூசிய துணியில் எழுதப்பெற்ற மேற்கட்டி ஒன்று உள்ளது. அதில் விண்மீன்களும், திங்களை விட்டு நீங்காத உரோகிணியும் தீட்டப்பட்டுள்ளன. அரசி அதனை நோக்கிப் பெருமூச்செறிகிறாள்.

ஆக, ஒரே அறையில் இருவகை ஓவியங்கள் எதிரெதிர் நிறுத்தப்படுகின்றன. மேலே இருப்பது முற்றிய ஓவியம்; அதில் திங்களும் உரோகிணியும் என்றும் பிரிவதில்லை, அங்குப் பொழுது நின்றுவிட்டது. கீழே இருப்பது புனையா ஓவியம். அவளுக்கு ஒவ்வோர் யாமமும் கடக்க வேண்டிய யாமமாகும். கூதிர்ப் பருவத்தின் நள்ளிரவை இத்துணை நுணுக்கமாகப் பாடிய புலவர், காத்திருக்கும் உயிருக்குப் புனையா ஓவியத்தையும், காலம் தீண்டாத இணைப்புக்குப் புனைந்த ஓவியத்தையும் வைத்தது தற்செயல் அன்று எனக் கொள்ளலாம்.

இவ்வாசிப்பு ஓவியத் திறனாய்வுக்கு ஒரு கருவியைத் தருகிறது. புனையாமை என்பது குறைபாடு ஆகாது. பொழுது இன்னும் வெளியேறாத நிலை அது. இவ்வரையறையைக் கொண்டு நிலக்காட்சி ஓவியரின் வரைவேட்டை அணுகலாம்.

2. 1792: வரைந்த நிலமும் அச்சான நிலமும்

தாமிரபரணிப் பகுதியின் நிலக்காட்சி, களத்தில் வரையப்பட்டு ஐரோப்பிய அச்சோவியமாக மாறிய புகழ்பெற்ற நிகழ்வு தாமஸ் டேனியல் (1749–1840), அவர்தம் உடன்பிறந்தார் மகன் வில்லியம் டேனியல் (1769–1837) ஆகியோரின் தென்னகப் பயணமாகும். 1786இல் கல்கத்தா வந்த இவ்விருவரும் வட இந்தியப் பயணத்தை முடித்து, 1792இல் சென்னையிலிருந்து தெற்கு நோக்கிப் புறப்பட்டனர். மூன்றாம் மைசூர்ப் போர் அவ்வாண்டுதான் முடிந்திருந்தது. போர் நடந்த மலைக்கோட்டைகளைக் கண்டு மதுரை வழியாக நெல்லைச் சீமையை அடைந்தனர். பாபநாசம், குற்றாலம் அருவிகளும் களக்காட்டை அடுத்த மலைத்தொடரும் அவர்களால் வரையப்பெற்றன.

அவர்களின் படைப்புமுறை பல படிகளை உடையது. களத்தில் பென்சில் கோடுகளும் மெல்லிய நீர்வண்ணமும் கொண்டு வரைந்தனர். அளவும் தொலைவும் பிறழாமல் இருக்கக் காட்சியைத் தாளில் விழச்செய்யும் 'கேமரா அப்ஸ்கியூரா' என்னும் கருவியையும் பயன்படுத்தினர். இங்கிலாந்து திரும்பியபின் அவ்வரைவுகளைச் செப்புத்தகட்டில் அமிலத்தால் பொறிக்கும் 'அக்வாடின்ட்' முறைக்கு மாற்றினர். அச்சான தாள்களுக்கு வண்ணம் கையால் ஏற்றப்பட்டது. 'ஓரியன்டல் சீனரி' என்னும் பெருந்தொகுப்பு 1795 முதல் 1808 வரை ஆறு பகுதிகளாக, 144 படங்களுடன் வெளிவந்தது. நெல்லைச் சீமையின் காட்சிகள் 1807இல் நிறைவுற்ற இருபத்துநான்கு நிலக்காட்சிகள் என்னும் பகுதியில் இடம்பெற்றன.

வரைந்த ஆண்டுக்கும் நூல் நிறைவுற்ற ஆண்டுக்கும் இடையே பதினைந்து ஆண்டுகள் உள்ளன. இவ்விடைவெளியில் நிகழ்ந்த மாற்றத்தைப் படத் தலைப்புகளே காட்டுகின்றன. பாபநாச அருவிப் படமும் குற்றால அருவிப் படமும் 'திருநெல்வேலி மாவட்டத்தில்' என்னும் அடைமொழியுடன் தலைப்பிடப்பட்டுள்ளன. வரைந்த காலத்தில் அந்நிலம் ஆற்காட்டு நவாபின் பெயரளவிலான ஆட்சியிலும், பாளையக்காரர்களின் நேரடி ஆளுகையிலும், கம்பெனியின் வரித்தலையீட்டிலும் ஒருசேர இருந்தது. 1799இல் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801இல் பாளையக்காரர் போர் ஒடுக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே கர்நாடகப் பகுதி முழுவதும் கம்பெனியின் ஆட்சிக்குள் வந்தது. 1807இல் அப்படத்தைப் புரட்டிய இலண்டன் வாசகருக்கு அருவி தெரிந்தது. அது ஒரு கம்பெனி மாவட்டத்தின் அருவியாகத் தெரிந்தது. இடையில் நிகழ்ந்தவை எவையும் அத்தாளில் இல்லை. பொழுது மங்கும்போது அதனுடன் வரலாறும் மங்குகிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

அதே தொகுப்பில் உள்ள மற்றொரு படத்தின் தலைப்பு நோக்கத்தக்கது. குமரிமுனையைக் காட்டும் அப்படம் 'களக்காட்டின் அருகிலிருந்து எடுக்கப்பட்டது' எனக் குறிக்கப்பெற்றுள்ளது. ஓவியர் எவ்விடத்தில் நின்றார் என்பதை அத்தலைப்பு மறைக்கவில்லை. வரைவேட்டின் ஒரு தழும்பு அச்சிலும் எஞ்சியுள்ளது. ஆனால் இடம் சொன்ன தலைப்பு மாதத்தையும் நாழிகையையும் சொல்லவில்லை. சாரல் மிகுந்த ஆடியில் குற்றால அருவியும் கோடையில் குற்றால அருவியும் ஒன்றல்ல என்பதை நெல்லை மக்கள் அறிவர். தலைப்பின்படி அது என்றுமுள்ள அருவியாகும்.

டேனியல்களின் தனிப்பட்ட குறையாக இதனைக் கொள்ளுதல் பொருந்தாது. அவர்கள் பயணம் செய்த அதே 1792இல்தான் வில்லியம் கில்பினின் எழில்காட்சி பற்றிய மூன்று கட்டுரைகள் இங்கிலாந்தில் நூலாக வெளிவந்தன. மூன்றாவது கட்டுரை நிலக்காட்சியை வரைவது பற்றியது. ஓவியர் தம் நினைவுக்காகக் களத்தில் இடும் வரைவு வேறு, பிறருக்குக் காட்டுவதற்காகப் பின்னர் அணிசெய்து அமைக்கும் வரைவு வேறு என்று கில்பின் பிரிக்கிறார். முன்னதைத் தமிழ் மரபு புனையா ஓவியம் என்னும். பின்னது புனைந்த ஓவியம். புனைவின்போது முன்னணியில் மரம் ஒன்றைச் சேர்க்கலாம், சிறு மனித உருவங்களை அளவுகாட்டியாக நிறுத்தலாம் என்பது அக்காலத்து எழில்காட்சி மரபின் பொதுவிதி. அவ்விதிக்குள் நின்று பார்த்தால், களத்துப் பொழுதை அழிப்பதே முற்றுவித்தலாகிறது.

இங்கு ஓர் எதிர்வாதத்தையும் கருத வேண்டும். களவரைவு மட்டும் புனைவற்ற உண்மையா? அதுவும் அன்று. எங்கு நிற்பது, எதை விடுவது என்னும் தேர்வு களத்திலேயே தொடங்கிவிடுகிறது. காட்சியைச் சட்டத்துக்குள் அடக்கும் கருவியையும் அவர்கள் கையிலேயே கொண்டுசென்றனர். எனினும் களவரைவில் அத்தேர்வின் தடம் தெரிகிறது. அச்சோவியத்தில் அது நிலத்தின் இயல்பாகவே தோற்றமளிக்கிறது. திறனாய்வாளருக்கு வேண்டுவது அத்தடமே.

3. பொழுதை எழுதிய ஏடுகள்

வரைவேட்டைப் பொழுதின் பதிவாகவே வளர்த்த ஓவியர்களும் உளர். ஆங்கில ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1813, 1814 ஆகிய ஆண்டுகளில் தம் ஊர்ப்புறத்தைச் சுற்றி வரைந்த இரு சிறு ஏடுகள் இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளன. கைக்குள் அடங்கும் அவ்வேடுகளில் வயல், ஏர், படகு, மரம் ஆகியன மீண்டும் மீண்டும் வருகின்றன. 1821, 1822ஆம் ஆண்டுகளில் ஹாம்ஸ்டெட் மேட்டில் அவர் வரைந்த முகில் ஆய்வுகள் பலவற்றின் பின்புறத்தில் நாள், நேரம், காற்றின் திசை ஆகியன எழுதப்பட்டுள்ளன. முகிலை வரைந்தவருக்கு, எந்த மணியின் முகில் என்பது முகிலின் வடிவத்தைப் போலவே இன்றியமையாததாக இருந்தது.

எட்வர்ட் லியர் தமிழ்நிலத்தோடு நேரடித் தொடர்புடையவர். அரசப் பிரதிநிதி நார்த்புரூக் பிரபுவின் அழைப்பில் 1873இன் இறுதியில் இந்தியா வந்த அவர், 1875இன் தொடக்கம்வரை பயணம் செய்தார். சென்னை, மாமல்லபுரம், தஞ்சை, திருச்சி எனத் தமிழகத்திலும் வரைந்தார். அவருடைய களத்தாள்கள் ஓவியமாகவும் எழுத்தாகவும் ஒருங்கே அமைந்தவை. பென்சிலால் விரைந்து கோடிட்டு, இன்ன இடம் இன்ன நிறம், இது மணல், அது பனை என்று படத்தின் மேலேயே சொல்லாக எழுதிவிடுவார். நாளையும் நேரத்தையும் ஓரத்தில் குறிப்பார். பின்னர் ஓய்வில் பென்சில் கோடுகளின்மேல் மைக்கோடிட்டு வண்ணம் ஏற்றுவார். நிறம் ஏற்றப்படாத இடத்தில் நிறத்தின் பெயர் நிற்கும் அத்தாளைக் காண்பவர், பார்த்த கணத்துக்கும் தீட்டிய காலத்துக்கும் இடையிலுள்ள தொலைவையும் சேர்த்தே காண்கிறார்.

முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும் என்னும் தொல்காப்பியக் கொள்கையை இங்கு நினைவுகூர்தல் தகும். தமிழ்க் கவிதையியலில் நிலம் தனித்து முதற்பொருளாவதில்லை. பெரும்பொழுதும் சிறுபொழுதும் அதனுடன் சேர்ந்தே அது பொருளாகிறது. கான்ஸ்டபிளும் லியரும் இக்கொள்கையை அறிந்தவர் அல்லர். ஆனால் தாளின் ஓரத்தில் மாதத்தையும் மணியையும் எழுதிய அவர்களின் பழக்கம், நிலத்தைப் பொழுதின்றிக் காண இயலாது என்னும் அதே அறிவிலிருந்து பிறந்தது. முற்றிய நிலக்காட்சி ஓவியத்துக்குத் தொல்காப்பிய வழியில் ஓர் அளவுகோல் தேவையெனில், அது முதற்பொருளில் பாதியையா முழுமையையா தாங்கி நிற்கிறது என்று கேட்கலாம்.

4. செம்மண் நிலமும் நடந்து வரையும் பழக்கமும்

இந்திய ஓவியத்தில் வரைவேட்டுப் பழக்கத்தைக் கல்விமுறையாகவே ஆக்கியவர் நந்தலால் போஸ். 1919இல் தொடங்கிய சாந்திநிகேதனத்துக் கலாபவனத்தில், அஞ்சலட்டை அளவுள்ள அட்டைகளில் கண்டதைக் கண்டவுடன் வரைவதை அவர் நாள்தோறும் கைக்கொண்டார். அவ்வட்டைகள் மாணவர்க்கும் நண்பர்க்கும் கடிதங்களாகவும் சென்றன. 1938இல் ஹரிபுரா காங்கிரசு மாநாட்டுக்கு அவர் தீட்டிய படங்களில் காணும் ஊர்ப்புற மாந்தரின் விரைவான கோடு, இத்தகைய நீண்ட பழக்கத்தின் விளைவாகும்.

சாந்திநிகேதனத்தை அடுத்து மழைநீரால் அரிக்கப்பட்ட செம்மண் ஓடைப்பள்ளங்கள் உள்ளன. அப்பகுதி மக்கள் அதனைக் 'கோவாய்' என்பர். பசுமையையே அழகாகக் கொண்ட வங்க நிலக்காட்சி மரபில் இடமின்றி இருந்த அவ்வறண்ட நிலம், நந்தலால், பினோத்பிஹாரி முகர்ஜி, ராம்கிங்கர் பைஜ் ஆகியோரின் கைகளில் ஓவியப் பொருளாயிற்று. பினோத்பிஹாரி நீள்சுருள் வடிவத்தையும் எடுத்தாண்டார். சுருளை ஒரே பார்வையில் காண இயலாது; நடப்பவர் போலப் பிரித்துக்கொண்டே செல்ல வேண்டும். எழில்காட்சி மரபு ஒதுக்கிய நிலம், திரும்பத் திரும்ப நடந்து வரையும் பழக்கத்தால் ஓவியத்துக்குள் வந்தது என்பது உடன்குடியைக் கருதுவோருக்குப் பயன்படும் செய்தியாகும்.

தமிழ்நாட்டில் களத்தில் அமர்ந்து வரையும் மரபுக்குச் சில்பி சிறந்த எடுத்துக்காட்டு. ஆனந்த விகடனில் வெளிவந்த 'தென்னாட்டுச் செல்வங்கள்' தொடருக்காக அவர் கோயில் கோயிலாகச் சென்று சிற்பங்களின் முன்னமர்ந்து வரைந்தார். ஆயினும் அவருடைய பொருள் கல். ஒளி மாறினும் கல்லின் உருவம் மாறுவதில்லை. ஆகவே பொறுமையான ஒரு வரைவு போதுமானதாயிற்று. மணல்மேடு அத்தகையதன்று. உருவமே இடம்பெயரும் பொருளை வரைபவருக்கு ஒரு தாள் போதாது. நாள் குறித்த தாள்களின் வரிசை தேவை. ஏடு என்னும் வடிவம் இன்றியமையாததாவது இங்கேதான்.

5. உடன்குடித் தேரி: ஒரு நிலம், பல பொழுது

திருச்செந்தூருக்குத் தெற்கே, குலசேகரன்பட்டினத்துக்கு அருகில் அமைந்த உடன்குடி, பழைய திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து 1986இல் பிரிந்த இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்தது. கருப்பட்டியால் பெயர்பெற்ற ஊர். அதனை அடுத்துக் குதிரைமொழித் தேரி முதலிய செம்மணல் மேடுகள் பரந்துள்ளன. மணிகளின்மேல் இரும்பு ஆக்சைடு படிந்தமையால் அம்மணல் செந்நிறம் பெற்றுள்ளது. தென்மேற்குப் பருவக்காற்று மலைத்தொடரின் கணவாய்களைக் கடந்து ஆனி, ஆடி மாதங்களில் இங்கு வறண்ட பெருங்காற்றாக வீசுகிறது. மேடுகளின் முகடுகள் அப்போது உருமாறுகின்றன. பனை, உடை, இங்குக் கொல்லா மரம் எனப்படும் முந்திரி ஆகியன மணலைப் பிடித்து நிறுத்துகின்றன. இத்தேரிகளில் கிடைத்த நுண்கற்கருவிகளைப் பற்றி ஸாய்னர், ஆல்சின் ஆகியோர் 1956இல் எழுதிய ஆய்வு தொல்லியலாளர் நன்கறிந்தது. காற்று மூடுவதும் திறப்பதுமாக, அந்நிலம் தானே ஓர் ஏட்டின் இயல்பை உடையது.

இந்நிலத்தைத் 'தமிழகத்தின் பாலை' எனக் கூறுதல் வழக்கமாகிவிட்டது. இக்கூற்றும் ஒருவகை முற்றிய ஓவியமே. கடலுக்கு மிக அணித்தாக உள்ள இந்நிலம் நிலவகையால் நெய்தல். பனைமரமும் நெய்தற் பாடல்களில் பயின்றுவரும் மரமாகும். அவ்வாறாயின் தேரியைப் பாலை எனத் தோன்றச் செய்வது எது?

விடை பொழுதில் உள்ளது. பாலைக்குரிய சிறுபொழுது நண்பகல். உடன்குடி அமைந்துள்ள நிலநேர்க்கோட்டில், பங்குனி இறுதியிலும் ஆவணி நடுவிலும் நண்பகல் ஞாயிறு ஏறத்தாழத் தலைக்கு நேர்மேலே நிற்கிறது. அப்போது பனையின் நிழல் அதன் அடியிலேயே சுருண்டுவிடும். மணலலைகளுக்கு நிழல் இல்லாமையால் மேடுபள்ளம் புலப்படாது. செந்நிறமும் வெளிறித் தெரியும். வரைபவரின் பென்சிலுக்குப் பற்றிக்கொள்ள விளிம்பு கிடைக்காத காட்சி அது. அதே இடத்தில் கதிர் சாய்ந்தபின், ஒவ்வொரு மணலலையும் ஒரு கோடாக எழுகிறது; நிறம் ஆழ்கிறது; கடற்காற்றில் பனையோலை ஒலிக்கிறது. நெய்தலுக்குரிய சிறுபொழுது எற்பாடு. ஆக, நண்பகல் தாளில் பாலையாக நிற்கும் நிலம் மாலைத் தாளில் நெய்தலாகிறது. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்னும் சிலப்பதிகாரக் கருத்து, இங்கு ஒரு நாளின் எல்லைக்குள்ளேயே நெய்தல் நிலத்தின்மீது நிகழக் காண்கிறோம்.

திணை மயங்குதல் விலக்கப்படுவதில்லை, ஆனால் நிலம் ஒன்றோடொன்று மயங்குவதில்லை என்பது தொல்காப்பியர் கோட்பாடு. நிலம் மயங்காது எனின், மயக்கத்துக்கு இடந்தருவது பொழுது எனக் கொள்ள வழியுண்டு. தேரியில் நாள் முழுதும் அமர்ந்து வரையும் ஓவியரின் ஏடு இக்கோட்பாட்டுக்குக் கட்புலச் சான்றாக அமையும். தனித்த ஒரு முற்றிய ஓவியத்தால் இதனைக் காட்ட இயலாது. அது ஏதேனும் ஒரு பொழுதைத் தேர்ந்து நிலத்துக்கு அதனையே நிலையான பெயராக்கிவிடும்.

எற்பாடு என்பதற்குக் கதிர் மறையும் பொழுது எனவும் கதிர் எழும் பொழுது எனவும் அறிஞரிடையே இருவேறு கருத்துகள் உள்ளன. கிழக்குக் கடற்கரையில் கதிர் கடல்வழி எழுந்து நிலத்தின்வழி மறைகிறது. ஆகவே உடன்குடியில் வரைபவர் எத்திசை நோக்கி அமர்ந்தார் என்பதும் குறிக்கத்தக்கது. காலையில் கடல் நோக்கி வரைந்த தாளும் மாலையில் தேரி நோக்கி வரைந்த தாளும் ஒரே ஏட்டில் அடுத்தடுத்து நிற்கும்போது, இவ்விவாதம் சொல்லாராய்ச்சியின் எல்லையைக் கடந்து நிலத்தின் விவாதமாகிறது.

மனித உருவங்களின் இடமும் இவ்வாறே மாறுகிறது. எழில்காட்சி மரபில் சிறு மனித உருவம் மலையின் பெருமையைக் காட்டும் அளவுகோல். தேரியில் அது பொழுதுகாட்டி. பனையேறி விடியலில் பாளையிலிருந்து பதநீர்க் கலயத்தை இறக்குகிறார். வெயில் ஏறுகையில் விடிலியில் பதநீர் காய்கிறது, புகை எழுகிறது. பாகு சிரட்டைகளில் வார்க்கப்படுகிறது. மாலையில் அவர் மீண்டும் மரமேறிப் பாளை சீவுகிறார். மரத்தில் ஆள் இருக்கும் தாளையும், விடிலியில் புகை உள்ள தாளையும் காணும் உள்ளூரார் நேரத்தைக் கூறிவிடுவர். பதநீர் இறங்காத மாதங்களின் தாள்களில் ஆள் இரார். கருப்பொருளில் தொழிலும் ஒன்று என வைத்த இலக்கண மரபுக்கு இது புதிதன்று. ஓர் உருவத்தை அழகுக்காக இடம்மாற்றி வைக்கும் ஓவியர், அறியாமலே பொழுதையும் மாற்றிவிடுகிறார்.

6. வரைவேட்டை வாசிக்கும் முறை

மேற்கண்டவற்றிலிருந்து திறனாய்வுக்குச் சில நெறிகள் பெறப்படுகின்றன. வரைவேட்டின் அலகு தாள் அன்று, தாள்களின் வரிசை. ஓர் ஓவியர் ஒரே மேட்டை எத்தனை முறை வரைந்தார், எந்த இடைவெளியில் திரும்பினார் என்பது அவ்வரிசையில்தான் தெரியும். ஏட்டிலிருந்து தாள்கள் பிரிக்கப்பட்டுத் தனித்தனியே சட்டமிடப்படும்போது ஒவ்வொன்றும் ஒரு சிறு முற்றிய ஓவியமாகி, வரிசையின் பொருள் அழிகிறது. கட்டவிழ்ந்து ஏடு மாறிய ஓலைச்சுவடியைப் பதிப்பித்தோர் அறிந்த துன்பமே இது.

ஓரக்குறிப்புகளைப் படத்தின் பகுதியாகவே வாசித்தல் வேண்டும். 'காற்று மிகுதி', 'கண்கூசும் ஒளி' போன்ற ஒரு சொற்குறிப்பு, அத்தாளில் கோடு ஏன் உடைந்துள்ளது என்பதை விளக்கிவிடக்கூடும். நிறுத்தப்பட்ட கோடும் பொருளுடையது. பாதியில் விடப்பட்ட தாளை முயற்சியின் தோல்வியாக எண்ணுவது எளிது. பொழுது ஓவியரை முந்திச்சென்ற இடமாக வாசிப்பதே பொருத்தமானது.

முற்றிய ஓவியத்தைத் தாழ்த்துதல் இக்கட்டுரையின் நோக்கமன்று. நெடுநல்வாடையே நுணுக்கமாக முற்றுவிக்கப்பெற்ற படைப்பு. ஆனால் அது தன்னுள் புனையா ஓவியத்துக்கு ஓர் இடம் வைத்திருக்கிறது. அதனால் அதன் நள்ளிரவு இன்றும் நகர்கிறது. வரைவேட்டின் பொழுதைத் தன்னுள் காத்துக்கொள்ளும் ஓவியமே நிலக்காட்சியில் உயர்ந்தது எனக் கூறலாம்.

இவ்வாய்வுக்கு உடனடித் தேவையும் உண்டு. உடன்குடியில் 660 மெகாவாட் திறனுடைய இரு அலகுகள் கொண்ட அனல்மின் நிலையத் திட்டமும், குலசேகரன்பட்டினத்தில் 28.02.2024 அன்று அடிக்கல் நாட்டப்பெற்ற இஸ்ரோவின் ஏவுதளமும் அந்நிலத்தின் தொடுவானக் கோட்டையே மாற்றுவன. அவற்றின் நன்மை தீமை இங்குப் பொருளன்று. மாறும் நிலத்துக்கு, 'முன்பு', 'பின்பு' என்னும் இரு நிழற்படங்கள் போதுமா என்பதே வினா. இரண்டுக்கும் இடைப்பட்ட எண்ணற்ற காலைகளையும் மாலைகளையும் தாங்கக்கூடியது நாள் குறித்த ஏடு. 1792க்கும் 1807க்கும் இடையில் நெல்லைச் சீமையில் விடுபட்டதும் அத்தகைய ஏடே.

முடிவுரை

முற்றிய நிலக்காட்சி ஓவியத்தில் முதற்பொருளின் நிலக்கூறு எஞ்சிப் பொழுதுக்கூறு மங்குகிறது என்பதை டேனியல்களின் நெல்லைக் காட்சிகள் காட்டின. நாளையும் மணியையும் காற்றையும் எழுதிய கான்ஸ்டபிள், லியர் ஆகியோரின் களத்தாள்கள் அப்பொழுதுக்கூறு காக்கப்படுவதற்குச் சான்றாயின. எழில்காட்சி மரபு புறக்கணித்த செம்மண் நிலம் திரும்பத் திரும்ப வரைதலால் ஓவியத்துக்குள் வந்ததைச் சாந்திநிகேதனம் காட்டியது. உடன்குடித் தேரி, ஒரே நாளில் பாலையாகவும் நெய்தலாகவும் தோன்றுவதன் வழி, திணை என்பது பொழுதின்றி நிலத்துக்கு ஒட்டப்படும் பெயர் அன்று என்பதை உணர்த்துகிறது.

தமிழக ஓவியர்களின் வரைவேடுகளைத் தாள் பிரிக்காமல், வரிசை குலையாமல், ஓரக்குறிப்புகளுடன் தொகுத்துப் பட்டியலிடும் பணியைப் பல்கலைக்கழகங்களின் சுவடித்துறைகள் மேற்கொள்ளலாம். சுவடிக்கு நாம் வகுத்துக்கொண்ட நெறிகள் இதற்கும் பொருந்தும். திணைக் கோட்பாட்டைக் கற்பிக்கும் வகுப்பறையிலிருந்து மாணவர் சிலர் ஓர் ஏட்டுடன் தேரிக்குச் சென்று, நண்பகலில் ஒரு தாளும் கதிர் சாயும்போது ஒரு தாளும் வரைந்து வருவார்களாயின், முதற்பொருள் என்பது ஏன் இரண்டு என்பதை அவ்விரு தாள்களே விளக்கும்.